பத்திரிக்கை வைக்கப் போன அஞ்சு நாளும் ஸ்டேஷன் போர்டும்

முதல் நாள், பரமக்குடி வழியா ராமேஸ்வரம்

பெரியம்மா மகளுக்கு கல்யாணம் வச்சாச்சு. மண்டபம் மதுரைல, ஆனா சொந்தக்காரங்க நாலா பக்கமும் செதறிக் கெடக்குறாங்க. பரமக்குடில ரெண்டு வீடு, ராமேஸ்வரத்துல ஒண்ணு, திண்டுக்கல்ல மூணு, தேனில ஒரு பெரிய கூட்டம், விருதுநகர்ல பெரியப்பாவோட அக்கா. வாட்ஸப்ல அனுப்புனா ஒருத்தரும் வரமாட்டாக, தட்டுல வெத்தல பாக்கு பழம் வச்சு நேர்ல நின்னு குடுத்தாத்தான் அது பத்திரிக்கை, இல்லன்னா அது நோட்டீஸ், இது பெரியம்மா சொன்னது. பெரியம்மாவுக்கு பஸ் ஒத்துக்காது, மாட்டுத்தாவணிய தாண்டுறதுக்குள்ள வாந்தி, அதனால எல்லா ஊருக்கும் ட்ரெயின்தான். பெரியப்பாவுக்கு முட்டி ஆப்பரேஷன் ஆகி மூணு மாசம்தான் ஆச்சு, அவரால முடியாது, அதனால தொணைக்கு நான். அஞ்சு நாள் லீவு போட்டாச்சு. ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி அன்னைக்கு நடந்தத எழுதிப் போடுறேன்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், எந்த ஸ்டேஷன்ல என்ன சொதப்பல்னு பேர் போட்டு எழுத மாட்டேன். அங்க வேல பாக்குறவங்களுக்கு ஏற்கனவே ஆயிரம் தலவலி. மதுரைல நாங்க ஏறுனது எந்த ஸ்டேஷன்னும் கேக்காதீங்க, மதுரைன்னா ஸ்டேஷன் ஒண்ணா ரெண்டா, ஜங்ஷன் இருக்கு, கூடல்நகர் இருக்கு, கிழக்கு இருக்கு, திருப்பரங்குன்றமும் இப்ப ஊருக்குள்ளதான்.

காலைல ஸ்டேஷனுக்குள்ள நொழஞ்சதும் நம்ம எல்லாரும் மொதல்ல என்ன செய்வோம், அண்ணாந்து பாப்போம். பெரிய போர்டு, செவப்பு எழுத்து, ஆறு வரி. நாங்க பாத்த நேரம் இந்தி ஓடிட்டு இருந்துச்சு, சரி மாறும்னு நின்னோம், இந்திலயே ரெண்டாவது பக்கம் வந்துச்சு, ஏன்னா ஆறு வண்டிக்கு மேல இருந்தா அடுத்த பக்கம், அப்புறம் இங்கிலீஷ் ரெண்டு பக்கம், அப்புறம் தமிழ், தமிழ்ல மொதப் பக்கத்துல எங்க வண்டி இல்ல, ரெண்டாவது பக்கத்துல வந்துச்சு, பெரியம்மா பைய கீழ வச்சு கண்ணாடிய எடுத்து மாட்டுறதுக்குள்ள மறுபடி இந்தி. நானும் வெட்டியாத்தான நிக்கிறேன்னு செல்போன்ல எண்ணிப் பாத்தேன், பக்கத்துக்கு எட்டு செகண்டு. மூணு பாஷை, பாஷைக்கு ரெண்டு பக்கம், ஆக 48 செகண்டுக்கு ஒரு தடவ எட்டு செகண்டு தரிசனம். கள்ளழகர் ஆத்துல எறங்குறப்ப கூட இதவிட கூட நேரம் நின்னு முகம் காட்டுவாரு.

பெரியம்மா ஆறாவது வரைக்கும்தான் படிச்சவங்க ஆனா தெனமும் காலைல பேப்பர ஒரு வரி விடாம படிக்கிற ஆளு. அடுத்த சுத்து தமிழ் வந்தப்ப வாய விட்டு வாசிச்சாங்க.

"ரரமேஸவரம. இது எந்த ஊருய்யா?"

நான் சிரிச்சுட்டேன். அப்புறம் கிட்டக்க போய் பாத்தா சிரிக்க ஒண்ணுமில்ல, அவங்க இருக்குறதத்தான் வாசிச்சிருக்காங்க. ஸ்-க்கு புள்ளி இல்ல, ம்-க்கு புள்ளி இல்ல, துணைக்காலும் ர-வும் ஒரே அச்சுல இருக்கு. மேலருந்து கீழ எண்ணுனேன், ஒரு வரிக்கு பதினாறு வரிசை லைட்டுதான். இங்கிலீஷ் பெரிய எழுத்துக்கு அது தாராளம், ஏழு வரிசை இருந்தாலே அது நின்னுக்கும். நம்ம எழுத்து அப்படியா? தலைக்கு மேல புள்ளியோ கொக்கியோ வேணும், காலுக்கு கீழ உகரம் தொங்கணும், நடுவுல மூணு சுழி ண-வா ரெண்டு சுழி ன-வான்னு தெரியணும், எல்லாத்தையும் பதினாறுக்குள்ள அமுக்குனா மொதல்ல காணாமப் போறது மேல இருக்குற புள்ளிதான். புள்ளி போச்சுன்னா எக்ஸ்பிரஸ் எகஸபிரஸ ஆயிரும். இதுல பிளாட்பாரம்னு எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைய விட்டுட்டு நடைமேடைன்னு வேற போட்டுருக்காங்க, தப்பில்ல, நல்ல தமிழ்தான், ஆனா அந்த ஒரு வார்த்தைல எத்தன கொம்பு இருக்குன்னு எண்ணிப் பாருங்க, போர்டுல அது பாதி கோலம் மாதிரி தெரியுது.

சரி போட்டோ எடுத்துப் போடலாம்னு எடுத்தேன். போட்டோல பாதி எழுத்தே இல்ல. அது போர்டு தப்பு இல்லங்க, அந்த மாதிரி போர்டுல எல்லா வரிசையும் ஒரே நேரத்துல எரியாது, படபடன்னு மாத்தி மாத்தி எரியும், நம்ம கண்ணுக்கு சேந்த மாதிரி தெரியும், கேமராவ ஏமாத்த முடியாது. ஆக சாட்சிக்கு போட்டோவும் கெடையாது.

அப்புறம் அந்த ஏ, டி. நேரத்துக்கு பக்கத்துல ஏ-ன்னு போட்டா வண்டி வர்ற நேரம், டி-ன்னு போட்டா கெளம்புற நேரம். எனக்குத் தெரியும். பக்கத்துல பையோட நின்ன அண்ணனுக்குத் தெரியல, "டி-ன்னா டிலேதான, அப்ப டீ குடிச்சுட்டு வருவோம்"னு குடும்பத்தையே கூட்டிட்டு கெளம்புனாரு, நான் ஓடிப்போய் நிறுத்துனேன். அவரு வண்டிக்கு அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு.

வண்டி ஏறி உக்காந்தாச்சு. சிலைமான், திருப்புவனம் எல்லாம் தாண்டி மானாமதுரைல நின்னப்ப ஜன்னல் வழியா அந்த மஞ்சப் பலகைய பாத்தேன். மஞ்சள்ல கருப்பு எழுத்து, மேல தமிழ், அடுத்து இந்தி, இங்கிலீஷ், ஓரத்துல கடல் மட்டத்துலருந்து எத்தன மீட்டர் உயரம்னு. ஓடாது, மாறாது, கரெண்டு வேணாம், வண்டி ஸ்லோ ஆகுறப்பவே தூரத்துலருந்து படிச்சுடலாம். பெரியம்மா படிச்சாங்க, "மானாமதுரை, கடம் செய்ற ஊரு"ன்னு. ஒரு எழுத்து தப்பல.

பரமக்குடில எறங்கி ரெண்டு வீட்டுக்கும் பத்திரிக்கை வச்சு, ரெண்டு வீட்டுலயும் சாப்பிட்டு, சாயங்காலம் ராமேஸ்வரம் வந்தாச்சு. முடியல, தூங்கப் போறேன்.

ரெண்டாம் நாள், ராமேஸ்வரத்துலருந்து திரும்பி

காலைல அக்னி தீர்த்தத்துல முங்கி, சாமி கும்பிட்டு, பத்திரிக்கை வச்சுட்டு திரும்பி மதுரைக்கு. 160 கிலோமீட்டர் சொச்சம். ஊரே வண்டி வந்த சந்தோஷத்துல இன்னும் பேசுது, பழைய பாம்பன் பாலம் 1914-ல தெறந்தது, 2022 டிசம்பர்ல அதுல ரயில நிறுத்துனாங்க, அதுக்கப்புறம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் தெறக்குற வரைக்கும் ராமேஸ்வரத்துக்கு ரயிலே கெடையாது, மண்டபம்ங்கற ஊர்ல எறங்கி பஸ் புடிக்கணும். வண்டி மெதுவா பாலத்துல ஏறுனதும் பெட்டியே கடல் பக்கம் சாஞ்சிருச்சு, எல்லாரும் செல்போனோட. பெரியம்மா மட்டும் கண்ண மூடிட்டாங்க.

எதிர் சீட்டுல ஒரு பெரியவர், ரிட்டயர்டு ரயில்வே கார்டு. கார்டு வேலைக்கு 2022-லருந்து ட்ரெயின் மேனேஜர்னு பேர மாத்திட்டாங்க, ஆனா அவரு "நான் கார்டுதான் தம்பி, மேனேஜர்லாம் பேங்க்ல இருப்பாங்க"ன்னாரு. அவருகிட்ட நேத்து கதைய சொன்னேன். அவரு சொன்னதுல பாதிய இங்க எழுதுறேன், மீதி பாதி அவரோட மேலதிகாரிகள திட்டுனது.

போர்டுக்கு கண்ணு கெடையாது, அதான் மொத விஷயம்னாரு. வண்டி எங்க வருதுன்னு போர்டு பாத்துட்டு சொல்லல. ஸ்டேஷன்ல ஒரு ரூம்ல கம்ப்யூட்டர் இருக்கும், இந்த வண்டி இத்தன மணிக்கு இந்த பிளாட்பாரத்துக்குன்னு அதுல இருக்குறதத்தான் போர்டும் காட்டும், ஸ்பீக்கரும் பேசும். எந்த லைன்ல வண்டிய எடுக்குறதுன்னு முடிவு பண்றவரு ஸ்டேஷன் மாஸ்டர், அவரு வண்டிய லைன் மாத்தி விடுற பாயிண்டும் சிக்னலும் போட்டுட்டு, கண்ட்ரோலுக்கு பதில் சொல்லிட்டு, கூட்ஸ் வண்டிக்கு வழி விட்டுட்டு, அதுக்கப்புறம்தான் அந்த ரூமுக்கு தகவல் போகும். "மொதல்ல வண்டிய பத்திரமா உள்ள கொண்டு வரணும் தம்பி, போர்டு எல்லாம் பெறகு"ன்னாரு. ஆக கடைசி நிமிஷத்துல ரெண்டாம் நம்பர் பிளாட்பாரம் நாலாம் நம்பரா மாறுச்சுன்னா, சிக்னலுக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், கடைசியாத் தெரியுறது நமக்கு.

அந்த அறிவிப்புக் குரல் பத்தியும் கேட்டேன். பயணிகளின் கனிவான கவனத்திற்குன்னு ஆரம்பிக்குமே, அது யாரும் மைக் புடிச்சு பேசுறது இல்ல, துண்டு துண்டா முன்னாடியே பேசி வச்சத கம்ப்யூட்டர் கோத்து விடுது. அதான் வாக்கியம் ஒரு ராகத்துலயும் நம்பர் மட்டும் வேற ராகத்துலயும் வரும். கெட்டியா கேட்டீங்கன்னா நம்பர் வர்ற எடத்துல ஒரு சின்ன குதி இருக்கும். அந்த குதி வர்ற நேரமாப் பாத்துத்தான் பக்கத்து லைன்ல இஞ்சின் ஹாரன் அடிக்கும், அது என்ன கணக்கோ.

நம்பர்னு சொன்னதும் பெரியவர் ஒண்ணு சொல்லிக் குடுத்தாரு, ஜோடி நம்பர். எழும்பூர்லருந்து மதுரைக்கு வர்ற வைகை 12635, திரும்பிப் போறது 12636. பாண்டியன் 12637, 12638. இப்ப போர்டுல எட்டுல ஓரத்து லைட்டு நாலு அவிஞ்சு போச்சுன்னு வைங்க, எட்டு ஆறா தெரியும், பாண்டியன் வைகை ஆயிரும். ஒண்ணு காலைல ஒண்ணு ராத்திரிங்கறதால பொழச்சோம். பாசஞ்சர் வண்டிகளுக்கு அதுகூட இல்ல, கொரோனாவுக்கு அப்புறம் பூச்சியத்துல ஆரம்பிக்கிற ஸ்பெஷல் நம்பர்ல ஓடுச்சு, 2025 ஜனவரிலருந்து மறுபடி அஞ்சுல ஆரம்பிக்கிற நம்பர். வழில ஒரு ஸ்டேஷன்ல சொவத்துல பெயிண்ட்ல எழுதுன டைம்டேபிள்ல இன்னும் பூச்சியம்தான் இருந்துச்சு, போர்டுல அஞ்சு, டிக்கெட்ட கைல வச்சுக்கிட்டு ஒரு அக்கா ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்துட்டு கடைசில கேட்டது டீ விக்கிறவரத்தான்.

மூணாம் நாள், திண்டுக்கல்

இன்னைக்கு கோவம் இன்னும் அடங்கல.

போனது நல்லாத்தான் போனோம். சோழவந்தான் வெத்தல கொடிக்கால் எல்லாம் ஜன்னல்ல பாத்துக்கிட்டே பேசிட்டே போய்ட்டோம், திண்டுக்கல்ல மூணு வீடும் முடிஞ்சுது, மூணாவது வீட்டு மாமா "வழில என் சம்பந்தி வீட்டுக்கும் ஒண்ணு வச்சுருங்க, இல்லன்னா கோவிச்சுக்குவாரு"ன்னு கார்ல கூட்டிப்போயி அங்க ஒண்ணு வச்சு, பக்கத்துல இருக்குற சின்ன ஸ்டேஷன்ல எங்கள எறக்கி விட்டாரு. பெரியம்மாவால நின்னுட்டு வர முடியாதுன்னு எக்ஸ்பிரஸ்ல சிட்டிங் ரிசர்வ் பண்ணி வச்சிருந்தேன், பெட்டி டி 7. அங்க வண்டி ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்.

பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாதுல்ல, பெட்டி நம்பர் எல்லாம் எந்த பாஷை ஓடுனாலும் இங்கிலீஷ் எழுத்துதான், அதனால அவங்க சொந்தமா ஒரு முறை வச்சிருக்காங்க. எஸ்-ன்னா பாம்பு. பி-ன்னா ரெண்டு வயிறு. டி-ன்னா பாதி நெலா. "நம்மளது பாதி நெலா ஏழுதானய்யா?"ன்னு கேட்டாங்க, ஆமாம்னேன். பிளாட்பாரத்துல கூரைல தொங்குற குட்டி போர்டுல ஒரு தடவ வண்டி நம்பர், ஒரு தடவ பெட்டி நம்பர்னு மாறிட்டு இருந்துச்சு, பாதி நெலா ஏழ அவங்களே கண்டுபுடிச்சாங்க, எனக்கு பெருமையா இருந்துச்சு, அதுக்கு நேர் கீழ பைய வச்சு உக்காந்தோம்.

கொய்யாப்பழம் விக்கிற அக்கா ஒண்ணு கூடையோட வந்துச்சு. "எந்தப் பொட்டி தம்பி?" டி 7-ன்னேன். "டி பொட்டியெல்லாம் அங்கிட்டு நிக்கும், இங்கிட்டு உக்காந்துருக்கீக?" நான் மேல போர்ட காட்டுனேன். அந்தக்கா போர்ட பாக்கவே இல்ல, என்னைய பாத்துச்சு, ஒரு மாதிரி பாத்துச்சு, போயிருச்சு.

வண்டி தூரத்துல லைட்டு தெரிஞ்சிருச்சு. அப்ப எல்லா குட்டி போர்டும் ஒரே நேரத்துல கண்ண சிமிட்டி அப்படியே தலகீழா மாறுச்சு. எங்க தலைக்கு மேல இப்ப வேற என்னமோ. பெட்டி வரிசைய இஞ்சின் பக்கத்துலருந்து போடுறதா பின்னாடிலருந்து போடுறதான்னு எங்கயோ மாத்திப் போட்ருக்காய்ங்க, கடைசி நேரத்துல யாரோ பாத்து திருத்திட்டாய்ங்க. திருத்துனது நல்லதுதான். ஆனா இப்ப கணக்குப் பாருங்க. எல்ஹெச்பின்னு சொல்ற புது மாடல் பெட்டி ஒண்ணு சுமாரா 24 மீட்டர். இருபது பெட்டின்னா 480 மீட்டர், கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர். நாங்க நின்ன எடத்துக்கும் டி 7 வர்ற எடத்துக்கும் பன்னெண்டு பெட்டி தூரம், 288 மீட்டர். நான் ஒத்தையா வெறுங்கையோட வேகமா நடந்தா மூணு நிமிஷத்துக்கு மேல. பெரியம்மா, தட்டு, பழக்கூடை, பத்திரிக்கை பை. வண்டி ரெண்டு நிமிஷம்.

அந்த பிளாட்பாரத்தப் பாத்திருக்கணும் நீங்க. அங்கிட்டு நின்ன சனமெல்லாம் இங்கிட்டு ஓடுது, இங்கிட்டு நின்ன சனம் அங்கிட்டு ஓடுது, நடுவுல மோதி ஒரு கொழந்தையோட செருப்பு தண்டவாளத்துல விழுந்துருச்சு. ஸ்பீக்கர்ல அந்தம்மா மட்டும் நிதானமா கனிவான கவனத்திற்குன்னு பேசிட்டே இருக்கு.

முன்னாடி வந்து நின்ன பெட்டில ஏறிட்டோம், ஜெனரல் இல்ல, நல்லவேளை, உள்ளயே பெட்டி பெட்டியா நடந்து போய்ட்டோம். ஆடுற வண்டில பன்னெண்டு பெட்டி. சீட்டுக்கு போய் உக்காந்தப்ப பெரியம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க, "அந்தப் பொண்ணு சொன்னத கேட்ருக்கலாம்ல."

கேட்ருக்கலாம். அந்தக்கா தெனமும் அந்த வண்டிக்கு பழம் விக்குது, எந்தப் பெட்டி எங்க நிக்கும்னு தெரியலன்னா அதுக்கு வியாபாரம் போயிரும். போர்டு தப்பா காட்டுனா போர்டுக்கு என்ன போகும்?

நாலாம் நாள், தேனி

இன்னைக்கு சின்னதா எழுதுறேன், ஏன்னா இன்னைக்கு ஒண்ணும் நடக்கல, அதான் விசேஷம்.

தேனி லைன்ல வண்டி கொறச்சல். பழைய மீட்டர் கேஜ் போடி வண்டிய 2010 கடைசியோட நிறுத்துனாங்க, அகலப்பாதை தேனி வரைக்கும் வந்தது 2022 மே, போடி வரைக்கும் 2023 ஜூன். இடைல பன்னெண்டு வருஷத்துக்குக் கிட்ட பஸ்ஸுதான், பெரியம்மா இந்த கல்யாணத்த அப்ப வச்சிருந்தா தேனிக்கு பத்திரிக்கை போஸ்ட்லதான் போயிருக்கும். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் கிட்ட வண்டி வளைஞ்சு போறப்ப ரெண்டு பக்கமும் மலை, பெரியம்மா இன்னைக்கு கண்ண மூடல.

திரும்பறப்ப ஸ்டேஷன்ல பாத்தேன், ஒருத்தர் கூட போர்ட பாக்கல. வண்டியே விரல் விட்டு எண்ணலாம், இதுல எது முந்தி எது பிந்தின்னு கொழப்பமே இல்ல. சித்தப்பா வீட்டுல சாப்பிட்டு கெளம்புறப்ப நான் செல்போன்ல வண்டி எங்க வருதுன்னு பாத்துட்டு இருந்தேன், அவரு "எதுக்கு அத நோண்டிட்டு இருக்க, கேட்டு அடச்சா வண்டி வருது, அடைக்கலன்னா வரல, இன்னொரு தோச சாப்பிடு"ன்னாரு. தெருக்கோடில ரயில்வே கேட். அது அடைஞ்சா ஊருக்கே தெரியும், ரெண்டு பக்கமும் பைக் வரிசை கட்டிரும். கேட்டுக்கு பாஷை கெடையாது, ரெண்டாவது பக்கம் கெடையாது. நிஜமாவே வண்டி வர்றதுனால மட்டும்தான் அது அடையும், அந்த ஒரு விஷயம் போதும்.

அஞ்சாம் நாள், விருதுநகர்

பெரியப்பாவோட அக்காவுக்கு 84 வயசு. பத்திரிக்கைய கண்ணுல ஒத்திக்கிட்டு, ஒவ்வொரு பேரா வாசிச்சு, தன் பேரு ஆறாவது வரில வந்ததுக்கு ஒரு அரை மணி நேரம் கோவிச்சுக்கிட்டு, அப்புறம் பொரிச்ச புரோட்டா வாங்கியாரச் சொல்லி, எல்லாம் முடிய ராத்திரி ஆயிருச்சு. ஸ்டேஷன் வந்தப்ப ஒம்போதரை. எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க, அந்தப் பக்கம் ஒண்ணு.

போர்டுல எங்க வண்டிக்கு 21:40. சரி பத்து நிமிஷம். 21:40 ஆச்சு, வண்டி இல்ல, போர்டுல 21:40. 21:50 ஆச்சு, போர்டுல அதே 21:40. போர்டுக்கு மேலயே கடிகாரம் இருக்கு, செவப்புல 21:55-ன்னு அதுவே காட்டுது, கீழ வரில வண்டி 21:40-க்கு வரும்னும் அதுவே காட்டுது. ஒரே வீட்டுல மாமியாளும் மருமகளும் பேசிக்காத மாதிரி. பத்து மணிக்கு அந்த வரி சத்தமில்லாம மறைஞ்சு அடுத்த வண்டி மேல ஏறிருச்சு. இப்ப எங்க வண்டி போயிருச்சா, வரவே இல்லயா, ரத்தா, ஒண்ணும் தெரியாது. பிளாட்பாரத்துல நாப்பது பேரு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறோம்.

எனக்கு இந்த அஞ்சு நாள்ல மத்த எல்லாத்தையும் மன்னிக்க முடியுது. புள்ளி போகட்டும், ர-வும் காலும் ஒண்ணா இருக்கட்டும், இந்தி மொதல்ல வரட்டும். வண்டி லேட்டாகுறதும் தப்பில்ல, சிங்கிள் லைன்ல எதிர் வண்டி வர்ற வரைக்கும் நிக்கணும், அந்த கார்டு பெரியவரே சொன்னாரு. ஆனா தெரியலன்னா தெரியலன்னு சொல்ல ஒரு எடம் அந்த போர்டுல இல்லயே. மணி வேணும், ஏ இல்லன்னா டி வேணும், பிளாட்பார நம்பர் வேணும், எல்லா கட்டத்தையும் நெரப்பியே ஆகணும். "வண்டி தாமதம், எவ்வளவுன்னு இன்னும் தகவல் இல்ல"ன்னு ஒரு வரி வந்துச்சுன்னா நான் போய் பெரியம்மாவுக்கு ஒரு பால் வாங்கிக் குடுத்துட்டு நிம்மதியா உக்காந்துருப்பேன். அந்த ஒரு வரி இல்லாததாலதான் நாப்பது பேரும் நின்னுக்கிட்டே இருந்தோம்.

139-க்கு போன் போடலாம், செல்போன்ல பாக்கலாம், தெரியும். வேர் இஸ் மை ட்ரெயின் ஆப்ப வண்டிக்குள்ள உக்காந்து தொறந்தா டவர் சிக்னல வச்சே எந்த எடம்னு காட்டும், நெட்டு கூட வேணாம். நானும் அததான் பாத்துட்டு இருந்தேன், அதுல வண்டி ரெண்டு ஸ்டேஷன் தள்ளி நிக்கிறதா காட்டுச்சு, நாலு பேரு வந்து என் செல்போனுக்குள்ள எட்டிப் பாத்தாங்க. பத்து நிமிஷத்துல நான்தான் அந்த பிளாட்பாரத்தோட போர்டு ஆயிட்டேன். "தம்பி இப்ப எங்க வருது?" "கெளம்பிருச்சுண்ணே." "தம்பி எங்க வண்டியும் பாத்து சொல்லுப்பா." பெரியம்மாவுக்கு ஒரே பெருமை, எம்மகன் மாதிரின்னு பக்கத்துல இருந்தவங்களுக்கு அறிமுகம் வேற, விட்டா அங்கயே பத்திரிக்கைய எடுத்து நீட்டிருப்பாங்க.

அப்பத்தான் அந்த குடும்பம் வந்துச்சு. புருசன் பொண்டாட்டி ரெண்டு புள்ளைங்க, பெரிய பெரிய பையி. டிக்கெட்ட காட்டி "இது வந்துருமா தம்பி"ன்னாரு. வண்டி நேரம் 00:20. டிக்கெட்டுல தேதி பாத்தேன், பாத்ததும் வயித்த பெசஞ்சுச்சு. இன்னைக்கு தேதி. அதாவது நேத்து ராத்திரி பன்னெண்டு அடிச்சதும் இன்னைக்கு ஆயிருச்சு, அந்த வண்டி இன்னைக்கு அதிகாலைலயே போயிருச்சு. இவங்க இன்னைக்கு ராத்திரின்னு நெனச்சு வந்துருக்காங்க. போர்டுல 00:20-ன்னு அதே நம்பர் அதே பேர் இருக்கு, அது அடுத்த நாள் வண்டி, போர்டுல மணி இருக்கே தவிர தேதி இல்ல, அவரு போர்ட காட்டி "இந்தா இருக்குல்ல தம்பி"ங்கறாரு. எப்படி சொல்றது? நான் முழிச்சேன். பெரியம்மாதான் சொன்னாங்க, கையப் புடிச்சுக்கிட்டு, "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேலன்னா மொத நாள் ராத்திரியே வந்துரணும் தாயி, எங்க வீட்டுக்காரரும் ஒருதடவ இப்படித்தான் ஏமாந்தாரு"ன்னு. அந்த அம்மா அழல. அவரு கவுண்டருக்கு ஓடுனாரு, ஜெனரல் டிக்கெட் எடுத்து வந்தாரு. ரெண்டு புள்ளைங்களும் எங்க பையி மேலயே தூங்கிருச்சுக.

எங்க வண்டி பத்து அம்பதுக்கு வந்துச்சு. போர்டுல அது இல்லவே இல்ல, ஸ்பீக்கர்ல அது வந்து நின்னதுக்கு அப்புறம் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்னு சொல்லுச்சு.

வீட்டுக்கு வந்து இத எழுதிட்டு இருக்கேன், மணி ஒண்ணரை, பெரியம்மா இன்னும் தூங்கல. ஹால்ல உக்காந்து சென்னைல இருக்குற தங்கச்சிக்கு, அதான் எங்க சித்திக்கு, வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டு இருக்காங்க. இங்க வரைக்கும் கேக்குது.

"பாண்டியன்ல புக் பண்ணிட்டியாம்ல, நல்லது. நம்பரு முப்பத்தேழுல முடியும், தம்பி சொன்னான். போர்ட பாத்துட்டு நிக்காத, அது நெலையில்லாம ஓடிக்கிட்டே இருக்கும். ஸ்டேஷன்ல எறங்குனதும் செவப்பு சட்ட போர்ட்டருகிட்ட கேளு, பாம்பு போட்ட பொட்டி எங்க நிக்கும்னு... இல்ல இல்ல, அவருகிட்ட எஸ்ஸுன்னு சொல்லு, பாம்புன்னா பயந்துருவாரு."